மாடி அறைக்கு இரண்டு பேர்

ஆல்டர் க்ரீக், மனிடோபா, கனடா
12 அக்டோபர் 2008

அன்புள்ள அக்கா தூ பாவுக்கு,

தங்கை ஸே வா, இவ்வளவு தூரத்திலிருந்தும் உன் கையைப் பிடித்துக் குலுக்கி எழுதுவது. சாப்பிட்டாயா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகள் லே மூ நலமா? இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். ஆலையில் பன்றி வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பிடித்துக் காலையில் என் விரல்கள்தான் மடங்க மாட்டேன் என்கின்றன. மற்றபடி குறையில்லை.

அக்கா, சபை ஒத்துக்கொண்டுவிட்டது! போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உங்களை இங்கே கூப்பிடச் சம்மதமானால் கையைத் தூக்குங்கள் என்றார்கள். ஒரு கை கீழே இல்லை. லொரேன் அம்மா என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவர்தான் இந்தக் காரியத்துக்குத் தலைவி. என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க அக்கா மாடிப்படி ஏறுவாங்களா? மாடி ரூம்லதான் வெயில் நல்லா வரும்" என்றார். நீங்கள் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் அதற்குள் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டார். வந்தபின் ஒரு வருஷம் வீடு, சாப்பாடு, குளிருக்குத் துணி எல்லாம் சபையின் பொறுப்பு.

ஒரு விஷயம். தாயோடு கல்யாணமாகாத பிள்ளைகள்தான் ஒரே மனுவில் வரலாம். கல்யாணம் ஆகிவிட்டால் அது தனிக் குடும்பம், தனி மனு. நீயும் லே மூவும் என்று இரண்டு பேராகச் சொல்லியிருக்கிறேன். சபைச் சுவரில் மாட்ட ஒரு போட்டோ கேட்கிறார்கள், அனுப்பு.

உன் முகத்தைப் பார்க்காமல் மூன்று வருஷம் ஆயிற்று. ஆண்டவர் காப்பாராக.

உன் தங்கை
ஸே வா


முகாம், மூன்றாம் பகுதி
தாய்லாந்து எல்லை
7 டிசம்பர் 2008

என் தங்கச்சி ஸே வாவுக்கு,

கைகுலுக்கி எழுதும் அக்கா. சாப்பிட்டேன். மஞ்சள் பருப்பும் மீன் விழுதும்தான், வேறென்ன. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. லே மூ நலம்.

உன் கடிதத்தைச் சபையில் வாசித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வயிற்றெரிச்சலை மறைக்க முடியாமல், "அங்க வெத்தல கெடைக்குமா? துப்ப எடம் இருக்குமா?" என்று கேட்கிறாள். மாடி அறையில் ஜன்னல் இருக்கிறதாம், அங்கேயிருந்து துப்புவேன் என்றேன். அந்த லொரேன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

வீட்டுக் கூரைக்கு இலை மாற்றியாயிற்று. கா ஸே என்று ஒரு பையன் ஏறி மாற்றிக் கொடுத்தான். அகதிப் பதிவெல்லாம் மூடின பிறகு எல்லை ஆற்றைக் கடந்து வந்தவன். பாடகர் குழுவிலும் சேர்த்திருக்கிறார்கள். பதிவு நம்பரும் கிடையாது, சுருதியும் கிடையாது. கூரை மட்டும் ஒழுகவில்லை.

போட்டோ ஒரு பாஸ்டர் கையில் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அக்கா தூ பா


ஆல்டர் க்ரீக்
15 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். வெளியே மூச்சு விட்டால் இமையில் பனி ஒட்டுகிற குளிர்.

போட்டோ வந்தது. நீ இளைத்துவிட்டாய். லே மூ சிவப்பு மேல்சட்டையும் கைலியுமாக நிற்கிறாள். லொரேன் அம்மா, "என்ன அழகான நிறம்!" என்று எல்லோருக்கும் காட்டினார். அவர்களுக்கு எல்லாம் அழகுதான். அக்கா, நானும் நம் கரென் இனத்துப் பெண்தானே, கன்னிப் பெண்ணுக்கு நீள வெள்ளை அங்கிதான் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்று வெள்ளை அங்கியைக் கழற்றுகிற வரைக்கும் எந்தப் பெண்ணும் இதை உடுத்திப் போட்டோவுக்கு நின்று நான் பார்த்ததில்லை. அங்கி கிழிந்துவிட்டதா? நூல் அனுப்பட்டுமா?

போட்டோவை இன்னும் சுவரில் மாட்டவில்லை. சட்டம் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸே வா


முகாம்
2 ஏப்ரல் 2009

தங்கச்சிக்கு,

நலம். உன் விரல்கள் தேவலையா? இஞ்சி தட்டிப் பற்றுப் போடு.

அன்றைக்கு அங்கியைத் துவைத்துப் போட்டிருந்தது, காயவில்லை. அவசரத்துக்கு என்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டாள். இதோ வேறு போட்டோ வைத்திருக்கிறேன், வெள்ளையில். இதையே மாட்டச் சொல். முதல் போட்டோவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கேயே அடுப்பில் போட்டுவிடு.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மூங்கில் எல்லாம் வெடிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஆல்டர் க்ரீக்
24 மே 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பனி கரைந்து ஊரெல்லாம் சேறு.

வெள்ளைப் போட்டோ இப்போது சபைச் சுவரில் இருக்கிறது. ஞாயிறுதோறும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபம் செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட "தூ பா, லே மூ" என்று தப்பில்லாமல் சொல்கின்றன. நான் ஜெபத்தில் கண்ணை மூடாமல் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கி அவளுக்குக் கணுக்கால் வரை வர வேண்டும், முன்பக்கம் முழங்காலுக்கு ஏறி நிற்கிறது. கைகளைக் கோத்து வயிற்றை மறைத்திருக்கிறாள்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். லே மூவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளையும் உண்டாகியிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், லொரேன் அம்மா என்னை உட்காரவைத்துச் சட்டத்தை விளக்கினார். அதிகாரி முன்னால் சொல்லாமல் மறைத்த புருஷனையோ பிள்ளையையோ பிற்பாடு கூப்பிடவே முடியாது. ஒரு வருஷம் கழித்தும் முடியாது, பத்து வருஷம் கழித்தும் முடியாது. "யாரையும் விட்டுடக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட கண்டிப்பா சொல்லிடு, ஸே வா. அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

இதை லே மூவுக்கே வாசித்துக் காட்டு. நீ சுருக்கிச் சொல்லாதே, வாசித்துக் காட்டு.

ஸே வா


முகாம்
19 ஆகஸ்ட் 2009

தங்கச்சி ஸே வாவுக்கு,

மழை விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது நலம்.

உனக்குக் கண் ரொம்பக் கூர்மைதான்டி. உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு போட்டோவில் வயிற்றைக் கண்டுபிடிக்கிறாய். ஆமாம். கல்யாணம் இங்கே சபையில்தான் நடந்தது. உன் முதல் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்னால். மாப்பிள்ளை அந்தக் கூரைக்காரன்தான். போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. போ குவா என்று கூப்பிடுகிறோம். தலை நிறைய முடி.

இப்போது நான் சொல்வதைக் கேள். கா ஸேக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாதவனைத் தாய்லாந்துக்காரன் வெளியே விடமாட்டான். அவன் பெயரைச் சொன்னால் லே மூவும் அவனோடு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். நான் மட்டும் அங்கே வந்து, எதிர்க் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு தூங்கவா? நான்கு பெற்றேன். மூன்றை ஆற்றுக்கு அந்தப்புறம் புதைத்துவிட்டு வந்தேன். மிச்சம் இருக்கிற ஒன்றை இந்த மூங்கில் கூட்டுக்குள் விட்டுவிட்டு என்னால் வர முடியாது. சுயநலம் என்றால் சுயநலம்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஒரே வருஷம், அப்புறம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று லே மூவிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கா ஸேயின் பெரியம்மா இங்கே இருக்கிறாள். லே மூ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் சரி என்றாள்.

நீ அங்கே வாயைத் திறக்காதே.

அக்கா


ஆல்டர் க்ரீக்
20 செப்டம்பர் 2009

அக்கா,

பிள்ளை பிறந்ததற்குச் சந்தோஷம். ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். கடிதம் கையில் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வருஷம் இல்லை அக்கா. ஒருபோதும் இல்லை. போன கடிதத்தில் அதைத்தானே எழுதினேன்? அதை அவளுக்கு வாசித்துக் காட்டினாயா?

நேற்றுத் தேவாலயத்துச் சமையலறையில் தட்டு கழுவும்போது லொரேன் அம்மாவிடம் பொதுவாகத்தான் கேட்டேன், இன்னும் ஆட்கள் இருந்து அவர்களுக்குத் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று. "நாலு பேருன்னா நாலு பேரு. காத்திருப்போம். வீடு எங்கயும் ஓடிடாது" என்றார். ஒரு தட்டைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள் அவர். உன் பேச்சை மீற முடியாமல் நான் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

நேர்காணல் வருமுன் அவர்கள் பெயரைச் சொல்லிவிடு. நம்பர் இல்லாவிட்டாலும் சொல்லிவிடு. சொன்னால் என்றைக்காவது வழி இருக்கும். அங்கே வருகிற ஒரு ஆள் கையில் கொடுத்தே இதை அனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்கும்.

ஸே வா


முகாம்
8 நவம்பர் 2009

தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா?

போன மாதக் கடைசியில் நேர்காணல் முடிந்தது. அதிகாரி சின்னப் பையன். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் குடித்தான். மொழிபெயர்த்தவர் நம் ஆள்தான், வெளியூர்க்காரர். எங்கள் பகுதியிலிருந்து அந்தக் கொட்டகை வரைக்கும் லே மூ வெள்ளை அங்கியோடு நடந்தாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கொட்டகையில் லே மூவைத்தான் கேட்டார்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"கொழந்த?"

"இல்ல."

பாலூட்டுகிற நேரம் அது. அங்கியின் முன்பக்கம் நனைந்துவிட்டது. என் பையை எடுத்து அவள் மார்போடு அணைத்துப் பிடிக்கக் கொடுத்தேன். மொழிபெயர்த்தவர் சுவரையே பார்த்துக்கொண்டு மிச்சக் கேள்விகளைக் கேட்டார்.

வெளியே வேலி ஓரத்தில் கா ஸே பிள்ளையோடு நின்றான். வராதே என்று சொல்லியிருந்தேன், வந்திருந்தான். பின்னாலேயே வந்த அதிகாரி பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, கன்னத்தைக் கிள்ளி, யார் பிள்ளை என்று மொழிபெயர்த்தவரை வைத்துக் கேட்டான். கா ஸே, "என் பையன்தாங்க" என்றான். நல்ல பையன் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனான். நாங்கள் இருவரும் நிற்காமல் நடந்தோம்.

இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா


ஆல்டர் க்ரீக்
13 டிசம்பர் 2009

அக்கா,

நலம். நான் எழுதியதை லே மூ கேட்டாளா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஸே வா


முகாம்
17 ஜனவரி 2010

தங்கச்சிக்கு,

நலம். பிப்ரவரி 20 விமானம் என்று சொல்லியிருக்கிறார்கள். மிளகாய்த்தூள் கொண்டுவர விடுவார்களா? மீன் விழுதை மூன்று பையில் கட்டினாலும் நாறும், உன் சபைக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், ஆனாலும் கொண்டுவருகிறேன். குளிர்ச் சட்டையை விமான நிலையத்துக்கே எடுத்து வா.

லே மூவுக்குப் பாலை நிறுத்தியாயிற்று. மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல். இலை வைத்துக் கட்டியிருக்கிறேன். பையன் அரிசிக் கஞ்சி குடிக்கப் பழகிவிட்டான்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா தூ பா


முகாம், மூன்றாம் பகுதி
16 ஜனவரி 2011

மரியாதைக்குரிய சின்னத்தை ஸே வா அவர்களுக்கு,

மருமகன் கா ஸே கைகுலுக்கி எழுதிக்கொள்வது. நீங்கள், சின்ன மாமா, அத்தை, லே மூ எல்லோரும் நலமா? நானும் போ குவாவும் நலம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பாட்டும் வராது என்று அத்தை சொல்லியிருப்பார்கள்.

போ குவா நடக்கிறான், ஓடுகிறான். பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து நம்முடையது என்கிறான். அவன் அம்மா எங்கே என்று கேட்டால் ஆகாயத்தைக் காட்டுகிறான். விமானம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

லே மூவிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குளிரில் கை விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சின்னத்தை, ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்கக் கூடாது. அடுத்த மாதத்தோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது. ஆற்றுக்கு அந்தப்புறம் எங்கள் அம்மா ஆள் மேல் ஆள் விட்டுக் கூப்பிடுகிறாள். இப்போது அந்தப் பக்கம் சண்டை இல்லை. மலையில் காடு வெட்டி எரித்து, மழைக்கு முன்னால் நெல் விதைக்க வேண்டும், அவளுக்கு வயதாகிவிட்டது, தனி ஆள். நான் போய்விட்டால் திரும்ப முகாமுக்குள் விடுவது கஷ்டம். நான் இல்லாத நேரத்தில் சபை கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் போகாமல் இருக்கிறேன். எந்த மாதம் என்று மட்டும் சொன்னால் போதும். அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லிவிடுவேன்.

லே மூவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்
கா ஸே


ஆல்டர் க்ரீக்
27 பிப்ரவரி 2011

அன்புள்ள மாப்பிள்ளை கா ஸேக்கு,

சின்னத்தை கைகுலுக்கி எழுதுவது. நீயும் போ குவாவும் நலமாக இருப்பது சந்தோஷம். கோழித் திருடனுக்கு என் முத்தம்.

லே மூவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு எழுத உட்காருகிறாள், "அன்புள்ள" என்று எழுதுகிறாள், எழுந்து போய்விடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

அக்டோபரில் இங்கே அறுவடை நன்றி ஆராதனை. பூசணிக்காய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். லொரேன் அம்மா மைக்கில், "இன்னொரு குடும்பத்தையும் கூப்பிடணும்னு நமக்கெல்லாம் ஆச. லே மூ, உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது அங்க காத்துட்டு இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். லே மூ எழுந்து நின்றாள். வகுப்பில் கற்ற ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "என் புருஷன் இருக்காரு. என் பையன் இருக்கான். ஒரு வருஷம் முடியப் போகுது." மாசக்கணக்காக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள் போல, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்பெஞ்சில் ஒருவர் கைதட்டினார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். அது அடங்குகிற வரைக்கும் லொரேன் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் மட்டும் தட்டவில்லை.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவர்தான் அவளிடம் சொன்னார். அதிகாரியிடம் மறைத்தவர்களைக் கூப்பிட இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. இதை நான் லே மூ அங்கிருக்கும்போதே இரண்டு தடவை அக்காவுக்கு எழுதினேன். அவளுக்கு அது வாசித்துக் காட்டப்படவில்லை. லே மூ அழவில்லை. "ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா, "தெரியும்" என்றாள். தாயும் மகளும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். ஒரே மாடி அறையில், எதிர் எதிர்க் கட்டிலில் படுக்கிறார்கள். காலையில் அக்கா சோறு எடுத்து வைக்கிறாள், இவள் சாப்பிட்டுவிட்டு என்னோடு ஆலைக்கு வருகிறாள். கத்தி நன்றாகப் பிடிக்கிறாள்.

நீங்கள் முன்னாலேயே சொல்லியிருந்தால் காத்திருப்போமே என்று லொரேன் அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் மந்திரிக்கு எழுதினார். முடியாது என்று வந்தது. மறுபடி எழுதியிருக்கிறார், எழுதிக்கொண்டேதான் இருப்பார். அதை நம்பி நீ இருக்கக் கூடாது. லே மூ திரும்பி வருகிறேன் என்கிறாள். முகாமில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள், வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ எந்த மாதம் என்று கேட்டிருந்தாய். மாதம் எதுவும் இல்லை. அம்மாவிடம் போ. போ குவாவையும் தூக்கிக்கொண்டு போ. காடு எரிக்கிற நாள் தாண்டிவிட்டால் விதைப்பும் தப்பிப்போகும்.

ஆற்றில் தண்ணீர் ஏறுமுன் கடந்துவிடுங்கள். நாங்கள் இங்கே எல்லோரும் நலம்.

உன் சின்னத்தை
ஸே வா